பிடுங்கக் கூடாத முள்

வேவிலீஃப் திசில் என்ற முட்செடியை வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தண்ணீர்க் குழாயை எட்ட வையுங்கள் என்பதைத்தான். எருவையும் எட்ட வையுங்கள். பல வருடம் கூடவே இருக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டு அப்புறமும் ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு போகிறவர் கையில் அந்தச் செடி அநேகமாகப் பிழைத்துவிடும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் ஒரு சிறிய நர்சரியில் வேலை பார்க்கிறேன். அந்த மலைக்கும் அதையொட்டிய புல்வெளிக்கும் உரிய நாட்டுச் செடிகளை மட்டும் விதையிலிருந்து வளர்த்து விற்கிறோம். வந்ததும் விற்றுப்போகிற செடிகள் நிறைய உண்டு. பென்ஸ்டெமன் ஒன்று, புளூ கிராமா புல் இன்னொன்று. திசில் மட்டும் மேசை ஓரத்திலேயே நிற்கும். வருகிறவர்கள் பெயர்ப் பலகையைப் படிப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், "இது களையாச்சே?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்வதும் என் வேலையில் ஒரு பாதி.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது திசில். சிர்சியம் என்ற பேரினத்தில் வட அமெரிக்காவுக்கே சொந்தமான இனங்கள் ஏறத்தாழ 60 இருக்கின்றன. சில ஈரப் புல்வெளியில் வாழ்பவை, சில பனி உருகும் உச்சிப் பாறைகளில் ஒட்டிக்கொள்பவை. நான் அதிகமாக வளர்ப்பது சிர்சியம் உண்டுலாட்டம். காய்ந்த சரிவுகளிலும் சரளை மேடுகளிலும் முளைப்பது. இலை விளிம்பு அலையலையாக மடிந்திருப்பதால் இங்கே எல்லோரும் வேவிலீஃப் என்கிறார்கள். இலையின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல நுண்ரோமம் படர்ந்திருக்கும். உச்சி வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் செடியே சாம்பல் பூத்துத் தெரியும். அந்த ரோமம்தான் இலைக்குக் குடை. வெயிலைத் திருப்பி அனுப்பும், காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சாமல் தடுக்கும்.

இந்த ஊர் வறட்சியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு வருடத்தில் மழையும் பனியும் சேர்ந்தே 350 முதல் 400 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். அதிலும் கணிசமான பங்கு மார்ச்சிலிருந்து மே வரைக்குள் பனியாகவும் குளிர்மழையாகவும் வந்துவிடும். கோடையில் பிற்பகல் இடிமழை உண்டு. ஆலங்கட்டியும் சேர்ந்து வந்து பத்தே நிமிடத்தில் இலைகளைக் கந்தலாக்கிவிட்டுப் போகும். குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி சாதாரணம். அதே குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் வறண்ட சினூக் காற்று இரண்டு நாளில் பனியையெல்லாம் துடைத்துவிட்டு மண்ணையும் உலர்த்திவிடும். குறைந்த தண்ணீரில் தோட்டம் போடும் முறைக்கு 'செரிஸ்கேப்' என்ற பெயரை 1981-இல் டென்வர் நகரக் குடிநீர் நிறுவனம்தான் உருவாக்கியது. அந்தத் தேவை இங்கே அவ்வளவு கூர்மையானது.

எங்கள் பக்கத்து மண் பெரும்பாலும் உதிர்ந்த கிரானைட். இளஞ்சிவப்புச் சரளை, கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்தவன். ஒரு மழை பெய்தால் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிற மண் அது. இங்கே ஊற்றிய தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கிப் போய்விடும். திசில் அந்தத் தண்ணீரின் பின்னாலேயே இறங்குகிறது. முதல் வருடம் தரையோடு தரையாக ஒரு இலை வட்டம் மட்டும் தெரியும், கீழே ஆணிவேர் ஆழம் தேடிக்கொண்டிருக்கும். மேலே வளர்ச்சியே இல்லை என்று கவலைப்பட்டு வருகிறவர்களிடம், வளர்ச்சியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பக்கம் நடக்கிறது, பொறுங்கள் என்பேன்.

இது களைதானே என்கிறவர்களின் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. கொலராடோவில் சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டிய களைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஏ, பி, சி என மூன்று பிரிவு. பி பிரிவில் திசில்கள் வரிசையாக நிற்கின்றன: மஸ்க் திசில், ஸ்காட்ச் திசில், கனடா திசில் இன்னும் சில. எல்லாமே கடல் தாண்டி வந்தவை. கனடா திசில்கூடக் கனடாவின் செடி கிடையாது, ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் சேர்ந்தது. அது தரைக்கடியில் வேரை ஓடவிட்டு ஒரு மேய்ச்சல் நிலத்தையே பிடித்துக்கொள்ளும். மஸ்க் திசில் விதையாலேயே பரவும், ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில். இவற்றால் மாட்டுப் பண்ணைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அதனால் முள்ளும் ஊதாப்பூவும் கண்ணில் பட்டாலே மண்வெட்டியை எடுக்கும் பழக்கம் இந்த ஊரில் தலைமுறையாக ஊறிவிட்டது. அடி வாங்குவது பட்டியலில் இல்லாத நாட்டுச் செடியும்தான்.

அடையாளம் கண்டுகொள்வது கஷ்டமில்லை, குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் தண்டைப் பார்ப்பேன். மஸ்க் திசிலிலும் ஸ்காட்ச் திசிலிலும் இலையடியிலிருந்து முள் வைத்த பட்டை ஒன்று தண்டு நெடுகச் சிறகுபோல இறங்கும். வேவிலீஃபில் அப்படி நீளமாக இறங்காது. ஸ்காட்ச் திசிலுக்கும் வெள்ளை ரோமம் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கனடா திசிலின் தண்டு வழவழப்பாக இருக்கும், பூக்கள் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கொத்துக் கொத்தாக வரும். வேவிலீஃபின் பூத்தலை எலுமிச்சையளவு, ஒரு கிளை நுனிக்கு ஒன்றாக நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் பூத்தலையின் அடியில் ஓடு ஓடாக அடுக்கியிருக்கும் செதில்களை விரலால் தொட்டுப் பாருங்கள். வேவிலீஃபில் ஒவ்வொரு செதிலின் முதுகிலும் வெளிறிய கோடு ஒன்று இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். சிற்றெறும்பும் குட்டி வண்டும் அதில் ஒட்டிச் செத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். விதை முற்றிய பிறகு என்றால் இன்னொரு வழி இருக்கிறது. விதையோடு வரும் பஞ்சு இழை ஒன்றை உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். சிர்சியத்தின் ஒவ்வொரு இழையும் பறவை இறகுபோலக் கிளைத்திருக்கும். மஸ்க் திசிலின் இழை வெறும் முடியாக நிற்கும். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன உருப்பெருக்கி இருக்கும். வாடிக்கையாளர் கையில் அதைக் கொடுத்துப் பார்க்கச் சொன்ன பிறகு பெரும்பாலும் விவாதம் இருப்பதில்லை.

ஒரு கோடையில் தமிழ்க் குடும்பம் ஒன்று வந்தது. மகள் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டி வந்திருந்தார்கள். விருதுநகர்ப் பக்கம், விவசாயக் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. தொட்டியைப் பார்த்த அம்மா, "ஏந்தம்பி, முள்ளுச்செடியக் காசு குடுத்து வாங்குறாகளா இந்த ஊர்ல?" என்று கேட்டார். வாங்குகிறார்கள் அம்மா, இது இந்த மலைச் செடி என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்தைக் காட்டினார். "அந்தா கெடக்குல்ல, அது நம்மூரு நெருஞ்சியில்ல? அத மொதல்ல பிடுங்குங்க. பிள்ளைக வெறுங்காலோட நடந்தா என்னத்துக்காகும்?"

சரளையில் படர்ந்து மஞ்சள் பூ பூத்துக் கிடந்தது நம்மூர் நெருஞ்சியேதான். பழைய உலகத்திலிருந்து வந்து அமெரிக்காவின் மேற்குப் பக்கம் முழுக்கப் பரவி, சைக்கிள் டயர்களைப் பஞ்சராக்கிக்கொண்டிருக்கிறது. கொலராடோவின் களைப் பட்டியலில் சி பிரிவில் அதற்கு இடம் உண்டு. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். படர்ந்த கொடிகளைத் தொடவேயில்லை. நாலு பக்கமும் கொடிகள் பிரியும் நடு முடிச்சைத் தேடி, அதன் கீழே விரலைக் கொடுத்து, வேரோடு ஒரே இழுப்பில் எடுத்துத் தட்டையாகச் சுருட்டினார். ஒரு காய்கூடக் கீழே உதிரவில்லை. எங்கள் நர்சரிப் பிள்ளைகளுக்கு அப்புறம் அந்த முறையைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கிளம்பும்போது திசில் தொட்டியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதோட வேரு நல்லா கெழங்காட்டம் எறங்குமே, பாத்தாலே தெரியுது" என்றார். மகள் இரண்டு தொட்டி வாங்கிப் போனார். தன் ஊர் மண்ணில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேற்றூர்ச் செடியும் சீக்கிரம் பிடிபடுகிறது.

வேரைப் பற்றி அவர் சொன்னது சரிதான். திசில் வேர்களைச் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் மேற்கு அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் நெடுநாளாக இருந்தது. இளந்தண்டை முள் சீவி, தோலுரித்துத் தின்பதும் உண்டு. 1870-இல் யெல்லோஸ்டோன் பகுதியை ஆராயப் போன குழுவிலிருந்து ட்ரூமன் எவர்ட்ஸ் என்பவர் வழிதவறிப் போனார். குதிரையும் போய், கண்ணாடியும் தொலைந்து, 37 நாள் காட்டில் அலைந்தவரை உயிரோடு வைத்திருந்தது ஒரு நாட்டுத் திசிலின் கிழங்குதான். அந்த இனத்தை இன்றைக்கும் சிலர் எவர்ட்ஸ் திசில் என்றே சொல்கிறார்கள். அது ஈரப்பாங்கான புல்வெளிச் செடி, என் சரிவில் அதை நான் வைப்பதில்லை.

விதைக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் பாடம் சொன்னது விதைதான். பூத்தலை விரிந்து பஞ்சு பறக்கத் தொடங்கியதும் புதியவர்கள் காற்றில் போகும் பஞ்சைத் துரத்துவார்கள். பறக்கும் பஞ்சில் பெரும்பாலும் விதை இருக்காது. பஞ்சு விதையிலிருந்து எளிதில் கழன்றுகொள்ளும், கனத்த விதை தலைக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே தலை பிளந்து பஞ்சு தளர்ந்த நாளில், தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, தலையை முழுசாக வெட்டிக் காகிதப் பையில் போடுவேன். உலர்ந்ததும் உடைத்து உள்ளே பார்ப்பேன். பழுப்பு நிறத்தில் பளபளப்பாக, நகத்தால் அழுத்தினால் அமுங்காமல் இருப்பது நல்ல விதை. வெளிறி வளைந்து கொடுப்பது பதர்.

பல தலைகளில் விதையே இருக்காது. உள்ளே பொடியும் எச்சமும் கெட்டிப்பட்டுக் கிடக்கும், நடுவில் ஒரு வெள்ளைப் புழு சுருண்டிருக்கும், அல்லது அது வெளியேறிய ஓட்டை இருக்கும். கூன் வண்டின் வேலை. ரைனோசில்லஸ் கோனிகஸ் என்ற இந்த ஐரோப்பிய வண்டை அமெரிக்காவில் மனிதர்களே கொண்டுவந்து விட்டார்கள், 1969-இலிருந்து, மஸ்க் திசிலை அழிப்பதற்காக. மருந்து தெளிக்காமல் களையை ஒழிக்கலாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் வண்டு நாட்டுத் திசில்களுக்கும் போயிற்று. நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் பிளாட் திசில் என்ற நாட்டு இனத்தை நெடுங்காலம் கவனித்து வந்த ஸ்வாட்டா லவுடா என்ற சூழலியலாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1997-இல் 'சயின்ஸ்' இதழில் அதை எழுதினார்கள். விதையை மட்டுமே நம்பி வாழும் செடியின் விதையை வண்டு தின்கிறது, விதை விளைச்சல் வெகுவாகக் குறைகிறது என்று. பிறகு லாரினஸ் என்ற இன்னொரு கூன் வண்டு கொலராடோவிலேயே ஒரு நாட்டுத் திசிலின் தலைக்குள் முட்டையிடுவதையும் அவர் கண்டு சொன்னார். களைக்கு எதிராக ஒரு பூச்சியை அவிழ்த்துவிடுகிறவர்கள் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அவிழ்க்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு. விட்ட பூச்சியைத் திரும்பப் பிடித்துக் கூண்டில் அடைக்க யாராலும் முடியாது.

மொட்டு விடும் காலத்தில் செதில்களின் மேல் பழுப்பு மருக்கள்போலச் சின்னச் சின்னதாக ஒட்டியிருந்தால் அவை வண்டின் முட்டைகள். தாய் வண்டு இலையை மென்று அந்த மசியலால் முட்டையை மூடி வைத்துவிட்டுப் போகிறது. தினமும் காலையில் விதைப்பாத்தியைச் சுற்றிவரும்போது மழுங்கிய கத்தியால் அவற்றைச் சுரண்டி எடுத்துவிடுவேன். காட்டில் இதைச் செய்ய வழியில்லை, பத்துப் பதினைந்து செடி வைத்திருக்கும் பாத்தியில் செய்யலாம். மொட்டை வலைப்பையால் மூடினால் என்ன என்று கேட்கிறார்கள். மூடினால் வண்டோடு தேனீயும் வராது, தேனீ இல்லாமல் விதை சரியாகப் பிடிக்காது. பூத்து வாடிய பிறகு பறவைக்கும் காற்றுக்கும் எதிராக மூடலாம், அதற்கு முன் வேண்டாம். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இந்த வண்டு முட்டையிடுவது வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும்தான். ஆகவே ஜூனில் பூக்கும் தலைகளைவிட ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் பக்கக் கிளைகளில் வரும் சிறிய தலைகளில் நல்ல விதை கூடுதலாகக் கிடைக்கிறது. முதல் பூ வாடியதும் தண்டை வெட்டிப் போடுகிறவர்கள் அந்தப் பின்பருவ விதையைத்தான் இழக்கிறார்கள்.

விதைப்பதற்கு இரண்டு வழி. இலையுதிர் காலத்தில் வெளியிலேயே விதைத்துவிட்டுக் குளிர்காலம் தன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிடலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். அவசரம் என்றால் ஈர மணலில் கலந்து, பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண அடுக்கில் 4 டிகிரி அளவில் ஆறிலிருந்து எட்டு வாரம் வைத்து எடுத்து விதைக்கலாம். மணல் கையில் பிடித்தால் கூட வேண்டும், நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். விதையின் பருமனுக்கு மேல் மண் போட வேண்டாம்.

தொட்டி அகலம் எதற்கு, ஆழம்தான் வேண்டும். நாங்கள் ஓரடிக்கும் அதிக நீளமுள்ள குறுகலான குழாய்த் தொட்டிகளைப் பயன்படுத்துகிறோம். ஆணிவேர் அடியைத் தொட்டுச் சுருள ஆரம்பித்துவிட்டால் அந்தச் செடி தரையில் ஒருபோதும் சரியாக நிற்காது. நாலு நிஜ இலை வந்ததும் நிலத்துக்குப் போய்விட வேண்டும், பெரிசாக்கி விற்கலாம் என்று வைத்திருக்கக் கூடாது. கலவையில் பாதிக்குமேல் கிரானைட் சரளையும் எரிமலைக் கல் பொடியும், மீதிதான் மக்கு. உரம் போடுவதில்லை. செழிப்பான மண்ணில் இந்தச் செடி கிடுகிடுவென்று ஆளுயரம் வளரும், தண்டு தளர்ந்து முதல் இடிமழைக்குச் சாயும், அடி அழுகும். ஒட்டிய வயிறோடு வளர்ந்த செடி இரண்டடி, மூன்றடி நின்று ஆலங்கட்டியைக்கூடத் தாங்கும்.

எரு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, வீட்டுத் தோட்டக்காரர்கள் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டியது. மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளுக்கு அமினோபைராலிட் என்ற மருந்து அடிக்கிறார்கள். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றில் அது சிதையாமல் சாணத்தோடு வெளியே வரும். எரு மக்கிய பிறகும் தங்கியிருக்கும். திசில் குடும்பமும் தக்காளியும் பயறு வகைகளும் அதற்குச் சட்டென்று பலியாகும். வெளியிலிருந்து வரும் எந்த எருவையும் நாங்கள் முதலில் ஒரு தொட்டியில் போட்டு பீன்ஸ் விதைத்துப் பார்ப்போம். இரண்டு மூன்று வாரத்தில் இலை கிண்ணம்போலக் குவிந்து நரம்பு முறுக்கினால் அந்த எரு வண்டியோடு திரும்பிப் போகும்.

நிலத்தில் வைத்த முதல் கோடையில் வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடலாம், இலை மேல் படாமல், காலை நேரத்தில். செப்டம்பரோடு நிறுத்திவிடலாம். அடுத்த வருடத்திலிருந்து வானம் பார்த்துக்கொள்ளும். மரத்தூளும் பட்டைத் துண்டும் அடியில் குவிக்க வேண்டாம், ஈரம் தேங்கிக் கழுத்து அழுகும். சரளை போதும். அசுவினி வந்தால் பதற வேண்டாம். பொறிவண்டு பின்னாலேயே வரும். நிலத்தடியில் துளைபோடும் கோஃபர் எலி வந்தால்தான் கவலை. காலையில் நன்றாக நின்ற செடி மத்தியானம் சாய்ந்து கிடக்கும், இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும். அந்தத் தொந்தரவு உள்ள இடத்தில் குழிக்குள் கம்பி வலைக் கூடை வைத்து நடுகிறோம்.

இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ நடுவிலிருந்து தண்டு எழும், பூக்கும். அந்த வாரங்களில் பாத்தியைப் பார்க்க வேண்டும். காலைக் குளிரில் எழுந்து வரும் பம்பிள் தேனீக்கள் பூத்தலைமேல் படுத்து, தேனில் முகம் புதைத்து, நகராமல் கிடக்கும். மலைச் சரிவில் மற்ற பூக்கள் வெயிலுக்கு ஓய்ந்துபோன ஜூலையில் திசில்தான் அவற்றுக்குச் சோறு. பெயின்டெட் லேடி வண்ணத்துப்பூச்சி இலையில் முட்டையிடும். கம்பளிப்புழு இலையை நூலால் சேர்த்துக் கட்டிக் கூடாரம் போட்டு உள்ளே இருந்து தின்னும். அதைப் பார்த்ததும் மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு நான் மருந்து சொல்வதில்லை. செடி அதைத் தாங்கும். அதே இனத்து வண்ணத்துப்பூச்சி நம் நாட்டிலும் பறக்கிறது, நீலகிரியிலும் பார்க்கலாம். உலகம் முழுக்க அது புழுக்களை வளர்க்கத் தேடுகிற செடிகளில் முக்கியமானது திசில். அப்புறம் கோல்டுஃபிஞ்ச் குருவிகள். மற்ற பறவைகள் பெரும்பாலும் குஞ்சு பொரித்து முடித்த பிறகு, திசில் பஞ்சு வெடிக்கும் காலத்தை ஒட்டித்தான் அமெரிக்கக் கோல்டுஃபிஞ்ச் கூடு கட்டுகிறது. பஞ்சைக் கூட்டுக்கு மெத்தையாக்கும், விதையைக் குஞ்சுக்கு ஊட்டும். தலை முழுவதையும் பறிக்காமல் செடிக்குப் பாதியாவது விட்டுவைக்க வேண்டும் என்று நான் சொல்வது இவற்றுக்காகவும்தான்.

பூத்து விதைத்ததும் செடி தளர்ந்துவிடும். சில ஒரே பூப்போடு போய்விடும், சில இன்னும் ஓரிரு வருடம் தாக்குப்பிடிக்கும், சில வேரிலிருந்து பக்கக் கன்று விடும். பணம் கொடுத்து வாங்கிய செடி செத்துவிட்டது என்று வருத்தத்தோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: சுற்றி வெறும் மண் கொஞ்சம் இருக்கிறதா? இந்தச் செடியைப் பராமரிப்பது என்றால் அதன் அடுத்த தலைமுறைக்கு இடம் வைத்திருப்பது. விழுந்த விதைக்கு வெளிச்சமும் வெறும் சரளையும் கிடைக்க வேண்டும். தரை முழுக்கப் புல்லாலோ துணியாலோ மூடிவிட்டால் நாற்று வர வழியில்லை. காட்டில் இந்த வெற்றிடத்தை மான் குளம்பும் எலி வளையும் மழைநீர் அரிப்பும் தருகின்றன. தோட்டத்தில் நாம்தான் அவ்வப்போது ஒரு கைப்பிடி அகலத்துக்குக் கிளறிவிட வேண்டும்.

எங்கள் விதைப்பாத்தி சாலையை ஒட்டி இருக்கிறது. ஒரு வருடம், பூ விரியும் வாரத்தில், களை ஒழிக்க வந்த ஒரு குழு வேலிக்கு வெளியே தானாக முளைத்திருந்த வேவிலீஃப் முழுவதற்கும் மருந்து அடித்துவிட்டுப் போனது. ஐந்தாறு வருடமாகப் பெருகி வந்த கூட்டம் அது. இரண்டே நாளில் தலைகள் கொக்கிபோல வளைந்து கருகின. தேனீக்கள் அப்போதும் அதில் வந்து உட்கார்ந்தன, அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. மருந்தடிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கோடை வேலைக்கு வருகிற கல்லூரி மாணவர்கள். முள் என்றால் அடி என்றுதான் அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். வசந்தத்தில் ஒரு நாள் அவர்களை நர்சரிக்கு வரவழைத்து, மஸ்க், ஸ்காட்ச், கனடா, வேவிலீஃப் நான்கையும் வேரோடு மேசையில் பரப்பி, தண்டைத் தடவு, செதிலைத் தொடு, பஞ்சைப் பார் என்று கையில் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறோம். ஸெர்சஸ் சொசைட்டி 2016-இல் நாட்டுத் திசில்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. அதன் பிரதி ஒன்று அந்த மேசையில் இருக்கும். இப்போது சந்தேகமான செடியைப் பார்த்தால் மருந்தடிக்குமுன் படம் எடுத்து அனுப்புகிறார்கள். தண்டும் செதிலும் தெரிகிறமாதிரி எடுத்து அனுப்பு என்று மட்டும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது, எல்லோரும் பூவை மட்டும்தான் எடுக்கிறார்கள். அனுப்புகிற படங்களில் நிஜமான களையும் நிறைய வரும். அப்போது தயங்காமல் அடி என்றும் சொல்கிறேன். மஸ்க் திசிலுக்காக வாதாட எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

எத்தனை செடி வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஒரே வயதில் ஆறு வாங்காதீர்கள். இந்த வருடம் மூன்று நாற்றும், அடுத்த வருடம் மூன்று நாற்றும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை அடி இடைவெளி விட்டு நடுங்கள். ஒரு கூட்டம் பூத்துப் போகும்போது மற்றது பூக்கத் தயாராகும், நடுவில் விழுந்த விதை முளைத்திருக்கும். பூத்து உலர்ந்த தண்டைக் குளிர்காலம் முழுக்க நிற்க விடுங்கள், குருவி வரும். ஏப்ரலில் அதை வெட்டி அங்கேயே சரளை மேல் போட்டுவிட்டு, அடியில் வெள்ளைப் பொட்டாக நாற்று தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். களை எடுப்பது அதற்குப் பிறகுதான்.